கடைசித் தட்டுக்கும் சேர்த்து

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்று வளர்த்தது இரண்டு பேர். மூத்தவன் முருகேசன் இங்கிலாந்தில், இளையவள் செல்வி இந்த ஆக்லாந்தில். சோறு போட்டு வளர்த்தவர்களையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் எனக்கு எண்ணத் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருக்கும், சொல்லும் விஷயத்தில் இருக்காது. நான் மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

இந்த ஊருக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. குளிர் பழகிவிட்டது, மழையும் வெயிலும் ஒரே பொழுதில் மாறி மாறி வருவதும் பழகிவிட்டது. இன்னும் பழகாதது ஒன்று உண்டு. பிளாக்ஹவுஸ் பேயில் என் பேத்தி யாழினி படிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியம் சாப்பிடுகிற விதம். வேலிக்கு வெளியே நடந்து போகும்போது பார்ப்பேன். மரத்தடி பெஞ்சில் வரிசையாகத்தான் உட்காருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் டப்பாவின் மூடியைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் தலையைக் குனிந்து சாப்பிடும். ஒருத்தர் சாப்பாட்டை இன்னொருத்தர் தொடக்கூடாது, கொடுக்கவும் கூடாது, அதுதான் சட்டம். ஒருநாள் ஒரு பெண்பிள்ளையைக் கவனித்தேன். டப்பா இல்லை. பையைத் திறந்து எதையோ தேடுவது போலக் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து போய்க் குழாயில் நெடுநேரம் தண்ணீர் குடித்தது. அந்தத் தண்ணீர் குடியை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தி எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் மதியத்தைக் கழித்தார்கள்.

விருத்தாசலம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடிப்பதற்கு முன்னாலேயே தட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பையிலிருந்து தட்டை எடுப்பது, அதில் தாளம் போடுவது, வாத்தியார் அதட்டுவது. பிறகு தாழ்வாரத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காருவார்கள். நான் சாம்பார் சாதத்து வாளியோடு ஒரு முனையிலிருந்து தொடங்குவேன். ஆமாம், நான் சத்துணவுக் கூடத்துச் சமையல்காரி. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு சேர்ந்தேன், ஓய்வு தந்து அனுப்புகிற வரைக்கும் அதே அடுப்படிதான். விறகுப் புகையில் கண் எரிந்தது, கை பொசுங்கியது, சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தில் நிமிர்ந்துதான் நடந்தேன்.

இதை இங்கே யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஏனென்றால் இங்கே எனக்குப் பெயர் டீச்சர். வந்த புதிதில் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் போனபோது யாரோ, "அம்மா ஊர்ல என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்க, நான் வாய் திறப்பதற்குள் செல்வி, "ஸ்கூல்ல வேலை பார்த்தாங்க" என்றாள். பொய் இல்லை. கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஹில்ஸ்பரோவில் இருக்கிற சிவமலர் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், அன்றைக்கே "வாங்கோ டீச்சர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மகளுக்கு இருக்கிற சங்கடம் எனக்குத் தெரியாததல்ல. அந்தத் தாழ்வாரத்தில் அவளும் உட்கார்ந்து சாப்பிட்டவள். எங்கள் தெரு ஊருக்குக் கடைசியில் இருக்கிற தெரு. எங்கள் கையால் சமைத்ததைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிய வீடுகள் உண்டு. ஒருநாள் ஒரு பிள்ளை, "உங்கம்மா கை பட்ட சோறு" என்று சொல்லி, செல்வி பார்க்கத் தட்டை அப்படியே கவிழ்த்தது. செல்வி அழவில்லை. அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை. படித்து, கணக்கு வேலைக்கு வந்து, கடலைத் தாண்டி வீடு வாங்கி, கார் வாங்கி, எல்லாம் ஆன பிறகும் அந்தக் கவிழ்ந்த தட்டு அவளுக்குள் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் டீச்சர் என்று கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒருநாள் யாழினி சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். செல்வியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பிள்ளைக்கு மட்டும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போக எனக்குக் கால் வரவில்லை. குழாயில் தண்ணீர் குடித்த பிள்ளையின் நினைப்பும் கூடவே வந்தது. ஒரு பெரிய குக்கர் சோறு வடித்து, எலுமிச்சை பிழிந்து, வேர்க்கடலை போட்டுத் தாளித்து, தூக்கு வாளியில் நிரப்பினேன். பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய காகிதத் தட்டுகளை எடுத்துக்கொண்டேன். சர்க்கஸுக்குப் போகிற மாதிரி நடந்து போனேன்.

வாசலில் வகுப்பு மிஸ் வந்தார். பொன்னிற முடி, சிரித்த முகம். நான் வாளியைக் காட்டி, "ஆல் சில்ரன். ஈட்" என்றேன். அவர் மூடியைத் திறந்து வாசனை பார்த்து, "ஓ, லவ்லி!" என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? பெஞ்சுக்குப் போய் முதல் பிள்ளை முன்னால் தட்டை வைத்துவிட்டேன். மிஸ் ஓடி வந்தார். வேர்க்கடலையைப் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது. கடலை தொட்டாலே மூச்சடைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களாம். எனக்கு அது தெரியாது. என் கையைப் பிடித்து, மரியாதையாகத்தான், ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு கோப்பை டீ தந்தார்கள். செல்விக்கு போன் போனது. நிரம்பிய வாளியோடு வீட்டுக்குத் திரும்பியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் செல்வி காரை நிறுத்திய சத்தத்திலேயே தெரிந்தது.

"எனக்கு மீட்டிங்ல போன் வருதும்மா! ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா? யாரைக் கேட்டுக் கொண்டு போன?"

"கடலை தப்புதான். தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன். ஒரு பிள்ளை தண்ணி குடிச்சிட்டு…"

"அதைப் பார்க்க ஸ்கூல் இருக்கு, அரசாங்கம் இருக்கு. இங்க நீ ஒண்ணும் சத்துணவு ஆயா இல்ல!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. மேசையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த யாழினி நிமிர்ந்தாள். "வாட்ஸ் தட், மம்மி? பாட்டி டீச்சர்னு சொன்னீங்களே?"

செல்வி மாடிக்குப் போய்விட்டாள். நான் யாழினிக்கு எலுமிச்சை சாதம் போட்டுக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் சாப்பாடு.

இது நடந்த கொஞ்ச நாளில் முருகேசன் வீடியோவில் வந்தான். வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். வாரா வாரம் பேசுவான். இப்போதெல்லாம் நலம் விசாரிப்பது முன்னால், நாட்டு நடப்பு பின்னால். அங்கே அவனும் சில பேரும் சேர்ந்து ஒரு குழுவாகக் கூடுகிறார்கள். வாடகையை ஏற்ற ஒரு வரம்பு வேண்டும், முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நல்ல கூலி வேண்டும், சொத்து மலையாகக் குவித்திருக்கிறவர்களிடம் வரியைக் கூட்டி வாங்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே கீரை ஆய்வேன். எல்லாம் புரிந்தது என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு அவன் சொன்னது மட்டும் கை வேலையை நிறுத்தியது.

அவன் மகள் கயல், யாழினியைவிட ஒரு வயது பெரியவள். அங்கே கீழ் வகுப்புகளில் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியிலேயே சாப்பாடு. மேல் வகுப்புக்கு ஏறியதும் வீட்டு வருமானத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்ப்பார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் இலவசம், மேலே இருந்தால் காசு கட்டு, இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு வா. கயலோடு படிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் அம்மா, கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே சம்பாதிக்கிறாளாம். இரண்டு இடத்தில் வேலை செய்தும் மாசக் கடைசியில் அந்தப் பிள்ளைக்கு டப்பாவில் ஒன்றும் இருக்காது. கயல் தன் சப்பாத்தியில் பாதியைக் கொடுத்துக் கொடுத்துப் பசியோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். பள்ளியில் கண்டுபிடித்து, கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிடுவதில்லை, மூடி வைத்துவிடுகிறார்கள்.

"ஊர் மண்டபத்துல கூட்டம் வச்சிருக்கோம்மா, எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வகுப்புக்கும் சாப்பாடு கேட்டு. கவுன்சில்காரங்க வராங்க. நீ ரெண்டு வார்த்தை பேசணும். நான் இங்கிலீஷ்ல சொல்லிடுறேன்."

"நான் என்னடா பேச?"

"நீ என்ன செஞ்சியோ அதை."

பின்னால் செல்வி நின்றிருந்தாள். "டேய் அண்ணா, அதை நெட்ல போடுவீங்களா?" என்றாள். போடுவோம் என்றான். "இங்க அசோசியேஷன்ல எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள். அவன், "பார்க்கட்டுமே" என்றான். உனக்கென்ன, நீ தூரத்தில் இருக்கிறாய் என்றாள். இரண்டு பேரும் தூரத்தில்தானே இருக்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செல்வி அந்த யோசனையையே ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குத் தெரிந்தவள், அவள் பேச்சைத் தள்ளிவிட முடியாது. "டாக்டர் பிள்ளைக்கும் வக்கீல் பிள்ளைக்கும் எதுக்கும்மா ஊர்க் காசுல சோறு? அந்தக் காசை இல்லாதவங்களுக்கே நல்லாக் கொடுக்கலாமே. பானை ஒரு அளவுதானே?" என்றாள். பானை ஒரு அளவுதான். அதை என்னைவிட யார் அறிவார்? அரிசி மூட்டை வந்து சேராத நாட்கள் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று. வரிசையை முதலில் ஒரு நடை நடந்து பார்ப்பேன். கடைசித் தட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, முதல் தட்டிலேயே கரண்டியைக் குறைத்துப் போடத் தொடங்குவேன். முதலில் தாராளமாகப் போட்டுவிட்டுக் கடைசிப் பிள்ளையிடம் போய், உனக்கு நிஜமாகவே பசிக்கிறதா என்று கேட்கக்கூடாது. அதைச் செய்கிறவள் கரண்டியைத் தொடவே கூடாது என்பேன்.

இந்த நாட்டிலும் அந்தப் புத்தி கொஞ்சம் இருக்கிறது. என் வயசுக்காரர்களுக்கு இங்கே காலை ஒன்பது மணிக்கு மேல் பஸ்ஸில் காசில்லை. அட்டையைத் தட்டிவிட்டு ஏறுகிறேன். மகளுக்கு வீடு இருக்கிறதா, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று டிரைவர் கேட்பதில்லை. "குட் மார்னிங் டார்லிங்" என்கிறார், அவ்வளவுதான். வசதி குறைந்த ஒடாஹுஹு பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் அரசாங்கமே மதியம் சாப்பாடு தருகிறதாம். அதுவும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான். ஒரு பள்ளிக்குத் தந்துவிட்டால் உள்ளே இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் என் கண்ணில் பட்ட பிள்ளை, வசதியான பக்கத்துப் பள்ளியில் படிக்கிற வசதியில்லாத பிள்ளை. அதற்குக் குழாய்த் தண்ணீர்தான்.

பேசுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ஒருநாள் சிவமலர் அக்காவோடு ஒடாஹுஹு கடைகளுக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நான் டீச்சர் இல்லை. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "ஓம், அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

"யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. டீச்சர்மார் பிள்ளையளைக் கண்டா படிச்சனியோ எண்டு கேப்பினம். நீங்கள் கண்ட கண்ட பிள்ளையளை எல்லாம் சாப்பிட்டியோ எண்டெல்லோ கேக்கிறியள்."

"தெரிஞ்சுமா டீச்சர்னு கூப்பிட்டீங்க?"

"உங்கட மகள் அப்பிடிக் கூப்பிடோணும் எண்டு ஆசைப்படுது. எனக்கென்ன நட்டம்?" என்று சொல்லி ஒரு டாஃபியை எடுத்து என் கையில் வைத்தார்.

கூட்டம் அங்கே சாயங்காலம், இங்கே மறுநாள் காலை. நீல நிறக் கண்டாங்கி கட்டிக்கொண்டேன். யாழினி டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக் கொடுத்தாள். திரையில் ஒரு மண்டபம், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள், ஓரத்தில் கயல். செல்வி வேலைக்குப் போகப் பையும் கார்ச் சாவியுமாக அடுக்களையில் நின்றாள். போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

நான் என் பேரைச் சொன்னேன், பாக்கியம். என்ன வேலை செய்தேன் என்று சொன்னேன். முருகேசன் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திப் பேசினேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்கினார். கோபக்காரர் இல்லை, நல்ல குரல். தன் ஆயுள் முழுக்க வேலை செய்து வரி கட்டியவராம். அந்த வரியில் ஒரு பணக்காரன் பிள்ளை ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்டார்.

எனக்குப் பெரிய பதில் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். "எங்க ஊர்ல ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை. என் கையால சாப்பிடக் கூடாதுன்னு வீட்டுல சொல்லி, வேப்பமரத்தடியில தனியா கேரியர் வரும். ஒருநாள் அடை மழை, கேரியர் வரல. பக்கத்துப் பிள்ளைகிட்டத் தட்டு கடன் வாங்கிட்டு வந்து வரிசையில உட்கார்ந்துச்சு. நான் போட்டேன். மறுநாள் கேரியர் வந்துச்சு, அதுவா திருப்பி அனுப்பிடுச்சு. எங்க சாப்பாடு ஏழைக்கு மட்டும்னு இருந்திருந்தா அந்தப் பிள்ளை எங்க வந்து உட்காரும்? எங்க தெருப் பிள்ளைங்க மட்டும் உட்கார்ந்திருப்பாங்க, போறவங்க வரவங்க எல்லாம் அந்த வரிசையைப் பார்த்து இன்ன தெருன்னு சொல்லியிருப்பாங்க. சோத்துக்கு வந்ததுங்கன்னு எங்களைச் சொன்னவங்க உண்டு. எல்லாரும் சாப்பிட்டதால அந்தப் பேச்சு எடுபடல."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. கேரியர் கடைசிவரை வந்துகொண்டிருந்த வீடுகளும் உண்டு என்றேன். என் மகள் முன்னால் தட்டைக் கவிழ்த்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. செல்வி வந்து சுவிட்சைப் போட்டிருந்தாள். "முகம் இருட்டா இருக்கும்மா, அங்க தெரியாது" என்று மெல்லச் சொல்லி, டேப்லெட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். தான் திரையில் தெரியாதபடி ஒதுங்கித்தான் நின்றாள். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது அவளுடைய தட்டு, என்றைக்காவது அவள்தான் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியவர், "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். ஒப்புக்கொண்டார் போல என்று எனக்குச் சந்தோஷம். பிறகு முருகேசன் சிரித்துக்கொண்டே, "அவங்க அப்படிச் சொன்னா ஒத்துக்கலைன்னு அர்த்தம்மா" என்றான். கவுன்சில்காரர்கள் பரிசீலிக்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள். கயலுக்கு மட்டும் ஒரு வழி பிறந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த அம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் பேசி, வாரத்தில் ஒருநாள் எல்லாருக்கும் சூப் வைக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் பழைய டப்பாதான்.

எங்கள் பள்ளி மிஸ்ஸை ஒருநாள் வாசலில் பார்த்தேன். யாழினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்த பிள்ளையைப் பற்றி அவளை இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். மிஸ் இந்தத் தடவை லவ்லி என்று சொல்லவில்லை. "தேங்க் யூ" என்றார். பிள்ளையின் பெயரை அவர் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது போல.

இப்போது சங்கத்து ஆண்டு மலருக்கு என்னிடம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று செல்வி கேட்டாள், "என்னம்மா எழுதப் போற? பொங்கலைப் பத்தி எழுதேன்."

"நான் பார்த்த வேலையைப் பத்தி எழுதறேன்."

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தாள். "பேருக்குக் கீழ என்ன போடுவாங்க?" என்றாள்.

"நீயே சொல்லு, அதையே போடட்டும்."

இன்னும் சொல்லவில்லை. நான் அவசரப்படுத்தவும் இல்லை. ஆனால் எழுதிவிட்டேன். அவளுடைய தட்டைப் பற்றி எழுதியதை மட்டும் அவள் அடிக்கச் சொன்னால் அடித்துவிடுவேன்.

எனக்கு இப்போது சாப்பாட்டு வேளை வந்தால் ஒரு குழப்பம் வருகிறது. இங்கே யாழினிக்குத் தட்டு வைக்கும்போது அங்கே கயல் தூங்கிக்கொண்டிருப்பாள், ஊரில் என் கூடத்தில் வேறு ஒருத்தி அடுப்பை மூட்டியிருக்கக்கூட மாட்டாள். என் வரிசை மூன்று நாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறு முனை தெரியவில்லை. கடைசித் தட்டு எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியாமலே முதல் கரண்டியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

யாழினி, இங்கே வா கண்ணு. சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். இந்தத் தாள்களை எடுத்து முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, சத்தமாகப் படி. உன் அம்மா அடுக்களையில் குழாயை நிறுத்திவிட்டாள்.